மருந்து ஸ்டென்ட் வைத்த தமனிக்குள் என்ன நடக்கிறது?

சென்ற இதழில், அடைபட்ட இதயத் தமனியைப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் என்ற சிறு கம்பிவலைக் குழாயை உள்ளே வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சை பற்றி எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன: ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பிய பின், மாதங்களும் ஆண்டுகளும் கழியக் கழிய, இதயத் தமனியில் அந்த இடம் என்ன ஆகிறது என்பதே அது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். மருத்துவ அறிக்கைகளின் நகலை அனுப்பியவர்கள் பொறுத்தருள வேண்டும். ஆளைப் பார்க்காமல் அறிக்கையை மட்டும் பார்த்து மாத்திரை மாற்றச் சொல்வது என் வழக்கம் அன்று.

கேள்வி: என் தந்தைக்கு 61 வயது. மாரடைப்பு ஏற்பட்டு, மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்து 5 மாதங்கள் ஆகின்றன. ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரினோடு தரும் டிகாக்ரெலார் மாத்திரையையும் ஓராண்டு வரை நிறுத்தக் கூடாது என்கிறார்கள். என் பெரியப்பாவுக்கு 20 ஆண்டுகளுக்கு முன், மாரடைப்பு எதுவும் வராமலே, நடந்தால் நெஞ்சு வலிக்கிறது என்பதற்காகச் சாதாரண ஸ்டென்ட் வைத்தார்கள். அவருக்கு ஒரே மாதத்தில் இரண்டாவது மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். மருந்து ஸ்டென்ட்தான் உயர்ந்தது என்றால், அதற்கு மாத்திரை மட்டும் ஏன் அதிக காலம்?

பதில்: நியாயமான கேள்வி. ஸ்டென்ட்டின் மேல் பூசப்பட்ட மருந்து அடைப்பைக் கரைக்கும் என்றோ, ரத்தத்தை உறையாமல் வைத்திருக்கும் என்றோ பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் தவறு. புண் ஆறும் வேகத்தைக் குறைப்பதே அந்த மருந்தின் வேலை. ஆறாத புண்ணை வேண்டுமென்றே ஏன் உண்டாக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அதற்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

1977-இல் ஜூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர், அடைபட்ட இதயத் தமனிக்குள் ஒரு சிறு பலூனைச் செலுத்தி விரித்து வழி ஏற்படுத்தினார். முறை பரவிய பிறகுதான் அதன் குறை தெரிந்தது. விரித்த குழாய் ரப்பர்போல் மீண்டும் சுருங்கியது. சில மாதங்களில் சுவரே உள்ளிழுத்துக்கொண்டு குறுகியது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்கு அடைப்பு திரும்பி வந்தது. சுருங்கவிடாமல் முட்டுக் கொடுப்பதற்காகவே 1986-இல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் முதல் உலோக ஸ்டென்ட்கள் மனிதரின் இதயத் தமனிகளில் வைக்கப்பட்டன. சுருங்குவது நின்றது. ஆனால் தமனி அந்த உலோகத்தைச் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. பலூனின் அழுத்தத்தில் கம்பிகள் சுவருக்குள் பதியும்போது உட்படலம் உரிந்து, கொழுப்புப் படிவு பிளந்து, ஒரு காயம் உண்டாகிறது. முழங்காலில் சிராய்த்தால் பொருக்குத் தட்டித் தோல் மூடுவதுபோல, இங்கும் முதலில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் ஃபைப்ரின் என்ற உறைநாரும் படிகின்றன. அடுத்துச் சில நாட்களில் வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன. வாரக்கணக்கில் சுவரின் நடு அடுக்கிலிருந்து மென்தசைச் செல்கள் உள்நோக்கி நகர்ந்து பெருகித் தழும்புத் திசுவை உண்டாக்குகின்றன. முழங்காலில் தழும்பு தடித்தால் அழகு மட்டுமே கெடும். 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயின் உட்புறத்தில் தழும்பு தடித்தால் ரத்தத்துக்கு வழி அடைபடும். மருந்தில்லாத ஸ்டென்ட்களில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் பேருக்கு, பெரும்பாலும் முதல் 6 முதல் 9 மாதங்களுக்குள், இதுதான் நடந்தது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம்.

தழும்பு தடிக்காமல் இருக்கச் செல்கள் பெருகுவதைத் தடுக்க வேண்டும். அதற்குக் கிடைத்த முதல் பொருள்களில் ஒன்று சிரோலிமஸ். 1960-களில் பசிபிக் பெருங்கடலின் ஈஸ்டர் தீவிலிருந்து எடுத்துவந்த மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியா சுரக்கும் பொருள் இது; முதலில் பூஞ்சைக்கு எதிரான மருந்தாகவும், பிறகு மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் மருந்தாகவும் பார்க்கப்பட்டது. செல் இரண்டாகப் பிரிவதற்கு ஆயத்தமாகும் கட்டத்திலேயே அதை இது நிறுத்திவைக்கும். 1999 டிசம்பரில் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் எடுவார்டோ சூசா, சிரோலிமஸ் பூசிய ஸ்டென்ட்டை முதன்முதலாக மனிதருக்கு வைத்தார். 2002-இல் வெளியான ராவெல் என்ற ஆய்வில், 6 மாத முடிவில், சாதாரண ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 சதவீதம் பேருக்கு மீண்டும் அடைப்பு இருந்தது. மருந்து ஸ்டென்ட் வைத்தவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. மருத்துவ ஆய்வில் பூஜ்ஜியத்தைப் பார்ப்பது அபூர்வம். அந்த மகிழ்ச்சியில் பலருக்கும் அடுத்த கேள்வி தோன்றவில்லை என்றே நினைக்கிறேன்.

அந்தக் கேள்வி இது: தழும்பை உண்டாக்கும் மென்தசைச் செல்லைத் தடுக்கும் மருந்து, காயத்தை மூட வேண்டிய எண்டோதீலியம் என்னும் உட்படலச் செல்லை மட்டும் விட்டுவைக்குமா? விட்டுவைக்காது. சாதாரண ஸ்டென்ட்டின் கம்பிகள் மேல் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் புதிய உட்படலம் படர்ந்து மூடிவிடும். முதல் தலைமுறை மருந்து ஸ்டென்ட்களில், ஆண்டுகள் கடந்தும் ஆங்காங்கே கம்பிகள் மூடாமல், ஃபைப்ரின் ஒட்டியபடி இருந்ததை, இறந்தவர்களின் தமனிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்த ரேணு விர்மானி என்ற நோயியல் வல்லுநரும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். மூடாத உலோகம் ரத்தத்தின் கண்ணுக்கு அயற்பொருள். தட்டணுக்கள் அதன் மேல் திரண்டால் சில நிமிடங்களில் குழாய் முழுவதும் அடைபடும். தழும்பு அடைப்பு மெல்ல வரும், நடக்கும்போது நெஞ்சுவலியாக முன்னறிவிப்புத் தரும். ரத்தக்கட்டி அடைப்போ முன்னறிவிப்பின்றி மாரடைப்பாகவே வரும். ஓராண்டுக்குப் பிறகும் இப்படி நேர்வதை 2006-இல் பார்சலோனாவில் நடந்த ஐரோப்பிய இதயவியல் மாநாட்டில் எடுத்துரைத்தபோது உலகெங்கும் பெரும் கலக்கம் ஏற்பட்டது. மருந்து ஸ்டென்ட் வைத்தவர்கள் அனைவரும் ஓராண்டு இரண்டு மாத்திரைகளையும் எடுக்க வேண்டும் என்ற விதி வேரூன்றியது அதன் பிறகுதான்.

இன்றைய ஸ்டென்ட்கள் அவை அல்ல. முதல் தலைமுறையில் ஒரு கம்பியின் தடிமன் 140 மைக்ரான். இப்போது பெரும்பாலானவற்றில் 80 மைக்ரானை ஒட்டியே இருக்கிறது, அதாவது ஒரு தலைமுடியின் தடிமன். எவெரோலிமஸ், ஜோடாரோலிமஸ் போன்ற மருந்துகளும், தமனியை உறுத்தாத பூச்சுகளும் வந்துவிட்டன. உட்படலம் விரைவாக மூடுகிறது. அதனால் மாரடைப்பு இல்லாமல், நிலையான நெஞ்சுவலிக்காக ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களுக்கு 6 மாதங்கள் இரட்டை மாத்திரை போதும் என்பதே இப்போதைய பொது வழக்கம். ரத்தக்கசிவு ஆபத்து மிகுந்தவர்களுக்கு 1 முதல் 3 மாதங்களில்கூட ஒன்றை நிறுத்துகிறார்கள். தங்கள் தந்தையின் நிலை வேறு. அவருக்கு ஓராண்டு என்று சொன்னதற்கு ஸ்டென்ட் பாதிக் காரணம். மாரடைப்பு மீதிக் காரணம். ஓரிடத்தில் கொழுப்புப் படிவு வெடித்த தமனிகளில் வேறிடங்களிலும் வெடிக்கத் தயாரான படிவுகள் இருக்கலாம். அவற்றுக்கும் சேர்த்தே அந்த மாத்திரை. பெரியப்பாவின் கணக்கைத் தந்தைக்குப் போட வேண்டாம்.

கேள்வி: ஸ்டென்ட்டில் உள்ள மருந்து எத்தனை ஆண்டுகள் வேலை செய்யும்? தீர்ந்துவிட்டால் மீண்டும் நிரப்ப முடியுமா?

பதில்: ஆண்டுகள் அல்ல, மாதங்கள்தான். பரவலாகப் பயன்படும் ஸ்டென்ட்களில் ஏறத்தாழ 80 சதவீத மருந்து முதல் ஒரு மாதத்திலேயே சுவருக்குள் இறங்கிவிடுகிறது. மூன்று நான்கு மாதங்களில் முழுவதும் தீர்ந்துவிடுகிறது. மொத்த அளவே ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியதுதான். நிரப்பும் தேவை எழுவதில்லை. ஏனெனில் மென்தசைச் செல்கள் வெறியோடு பெருகும் காலமும் அந்த முதல் சில மாதங்களே.

மருந்து போன பிறகு எஞ்சுபவை உலோகமும், மருந்தைப் பிடித்துவைத்திருந்த பாலிமர் பூச்சும். தொடக்கக் காலத்துப் பூச்சுகளுக்குச் சிலருடைய தமனிகள் ஒவ்வாமை காட்டின. சுவர் அழற்சியுற்று வெளிப்புறமாக விரிந்து, கம்பிகள் சுவரைத் தொடாமல் நடுவில் நின்றன. சட்டையின் அளவு மாறாமல் உடல் மெலிந்தாற்போல என்பார்கள். இங்கே நடப்பது தலைகீழ், உள்ளிருக்கும் உடல் அப்படியே இருக்கச் சட்டை பெருத்துவிடுகிறது. அந்த இடைவெளியில் ரத்தம் தேங்கி உறைய வாய்ப்புண்டு. இப்போது சில ஸ்டென்ட்களில் பூச்சு சில மாதங்களில் கரைந்து மறைந்துவிடும். வேறு சிலவற்றில் கரையாத, ஆனால் ரத்தத்தோடு சண்டைக்குப் போகாத பூச்சு இருக்கிறது. நடைமுறையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனையே தருகின்றன. விளம்பரத்தைப் பார்த்து இதில் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: எனக்கு மருந்து ஸ்டென்ட் வைத்து 4 ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் இல்லை. இப்போது அதே ஸ்டென்ட்டுக்குள் 80 சதவீத அடைப்பு என்கிறார்கள். தரம் குறைந்த ஸ்டென்ட்டை வைத்துவிட்டார்களா?

பதில்: கடிதத்தில் தெரியும் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் 4 ஆண்டுகள் நன்றாக இருந்த ஸ்டென்ட்டைத் தரம் குறைந்தது என்று சொல்ல முடியாது. பழுது உலோகத்தில் இருக்க வாய்ப்புக் குறைவு. அதன் மேல் வளர்ந்த திசுவில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதைக் கண்ணால் பார்க்க ஓசிடி என்ற கருவி உண்டு. தமனிக்குள் ஒரு மெல்லிய ஒளியிழையைச் செலுத்தி, சில நொடிகள் சாயநீரைப் பாய்ச்சி ரத்தத்தை விலக்கிவிட்டு, அகச்சிவப்பு ஒளியால் சுவரைப் படம்பிடிக்கும். 10 முதல் 15 மைக்ரான் வரை நுணுக்கமாகத் தெரியும். திரையில் தமனி ஒரு வட்டமாக வரும். ஸ்டென்ட் வைத்த அன்று பார்த்தால் வட்டத்தின் ஓரம் முழுவதும் பளிச்சென்ற சிறு கோடுகள். ஒவ்வொன்றின் பின்னாலும், உலோகத்தைத் தாண்டி ஒளி போகாததால், விசிறி மடிப்புபோல ஒரு கறுத்த நிழல். சில மாதங்கள் கழித்து அதே இடத்தைப் பார்த்தால் கோடுகளின் மேல் வெண்சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் ஒரே சீராக ஓடும். நாங்கள் பார்க்க விரும்பும் படம் அதுதான். ஆண்டுகள் கழித்து உங்களைப் போன்ற சிலருக்குப் பார்க்கும்போது அந்தப் படலம் தடித்திருக்கும். அதற்குள் ஓரங்கள் கலங்கிய இருண்ட திட்டுகள் தெரியும். அவை கொழுப்பு. பழைய தமனியில் பழைய நோய் எப்படித் தொடங்கியதோ, அதே நோய் ஸ்டென்ட்டுக்குள் வளர்ந்த புதுத் திசுவிலும் தொடங்கியிருக்கிறது.

விசித்திரம் என்னவென்றால், இயற்கையான தமனியில் பல பத்தாண்டுகள் எடுக்கும் இந்த நிகழ்வு ஸ்டென்ட்டுக்குள் சில ஆண்டுகளிலேயே முடிந்துவிடுகிறது. அதிலும் சாதாரண ஸ்டென்ட்டைவிட மருந்து ஸ்டென்ட்டில் இன்னும் முன்னதாகவே, சிலருக்கு ஓரிரு ஆண்டுகளில் தொடங்குகிறது. மருந்தின் நிழலில் வளர்ந்த உட்படலம் முழுத்திறன் பெறாததே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. செல்களுக்கிடையே இறுக்கம் போதாமல், கெட்ட கொழுப்பு எளிதாக உள்ளே கசிந்துவிடுகிறது. வெள்ளணுக்கள் அதைத் தின்று நுரைத்துப்போய் அங்கேயே தங்கிவிடுகின்றன. இதனால்தான், எந்த வகை ஸ்டென்ட்டாக இருந்தாலும், முதல் ஆண்டு முடிந்த பிறகும் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் பேருக்கு ஸ்டென்ட் வைத்த இடத்திலேயே ஏதாவது ஒரு சிக்கல் நேர்கிறது. ஓராண்டைத் தாண்டிவிட்டால் கண்டம் கழிந்தது என்ற எண்ணத்துக்கு ஆதாரமில்லை.

இனி செய்யக்கூடியது: முதலில், ஓசிடி அல்லது ஒலியலைக் கருவி கொண்டு அடைப்பின் காரணத்தைக் கண்டுகொள்ள வேண்டும். ஸ்டென்ட்டை அன்றே முழுதாக விரிக்காமல் விட்டிருந்தால் அதுவும் இப்போது தெரிந்துவிடும். அதைச் சொல்ல மருத்துவர்கள் தயங்கக் கூடாது என்பது என் கருத்து. காரணத்தைப் பொறுத்து, உயர் அழுத்தப் பலூனால் விரிக்கலாம், மருந்து பூசிய பலூனைப் பயன்படுத்தலாம், உள்ளே இன்னொரு ஸ்டென்ட் வைக்கலாம். பல குழாய்களில் அடைப்பு இருந்தால் பைபாஸ் அறுவை சிகிச்சையையும் எண்ணிப் பார்க்கலாம். நீங்கள் குறிப்பிட்ட இன்னொன்று என்னைக் கவலையுறச் செய்தது: தொந்தரவு இல்லாததால் கொலஸ்ட்ரால் மாத்திரையை இரண்டாம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பின் அளவு 70-க்கும் கீழே, பெரும்பாலும் 55-க்கும் கீழே இருக்க வேண்டும். அந்த மாத்திரை இரண்டாண்டுக் கால மாத்திரை அல்ல.

கேள்வி: ஸ்டென்ட் வைத்து 7 மாதங்களுக்குப் பிறகும் அவ்வப்போது நெஞ்சு இறுக்குகிறது. மறுபடியும் ஆஞ்சியோகிராம் எடுத்து, ஸ்டென்ட் திறந்திருக்கிறது, இது மனப் பிரமை என்று அனுப்பிவிட்டார்கள். உண்மையா?

பதில்: ஸ்டென்ட் திறந்திருப்பது உண்மையாக இருக்கலாம். மனப் பிரமை என்ற சொல்லை அவ்வளவு விரைவில் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நலமான உட்படலம் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து, தேவைப்படும்போது தமனியை விரிக்கும். ஸ்டென்ட்டின் மருந்து ரத்த ஓட்டத்தோடு கீழ்ப்பக்கமாகவும் செல்வதால், ஸ்டென்ட்டின் எல்லையைத் தாண்டிய பகுதியில்கூட உட்படலத்தின் இத்திறன் குன்றலாம். சோதனைக்காக அசிட்டைல்கோலின் செலுத்தினால் விரிய வேண்டிய தமனி சுருங்குவதை, குறிப்பாக முதல் தலைமுறை ஸ்டென்ட்களில், பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. புதியவற்றில் இது குறைவு. அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆஞ்சியோகிராமில் தெரியாத நுண்குழாய்களின் கோளாறும் இதே வலியைத் தரும். இரண்டுக்கும் மாத்திரைகள் உண்டு. வலி எப்போது வருகிறது, ஓய்விலா நடையிலா, அதிகாலையிலா, எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று இரு வாரங்கள் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். 15 நிமிடங்களுக்கு மேல் நீடிக்கும் வலிக்குக் குறிப்பேடு வேண்டாம், நேராக மருத்துவமனை.

கேள்வி: ஸ்டென்ட் வைத்தவர்கள் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கலாமா? காந்தம் ஸ்டென்ட்டை இழுத்துவிடாதா?

பதில்: எடுக்கலாம். இன்றைய ஸ்டென்ட்களில் பயன்படும் கோபால்ட்–குரோமியம், பிளாட்டினம்–குரோமியம் போன்ற உலோகக் கலவைகளைக் காந்தம் நகர்த்துவதில்லை, வழக்கமான 1.5, 3 டெஸ்லா கருவிகளில் காத்திருப்புக் காலம்கூடத் தேவையில்லை. ஸ்டென்ட் அட்டையை மட்டும் கையில் கொண்டு போங்கள்.

கேள்வி: கரைந்துபோகும் ஸ்டென்ட் வந்துவிட்டதாகப் படித்தேன். உலோகமே இல்லையென்றால் இத்தனை தொல்லையும் இல்லையே?

பதில்: எண்ணம் அழகானது. முட்டுக் கொடுக்க வேண்டிய சில மாதங்கள் மட்டும் இருந்துவிட்டு, பிறகு கரைந்து, தமனி தன் இயல்பான துடிப்புக்குத் திரும்பட்டும் என்று விரும்பினார்கள். அப்சார்ப் என்ற கரையும் ஸ்டென்ட்டுக்கு 2016-இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. ஆனால் அது செய்யப்பட்ட பாலிலாக்டிக் அமிலம் என்ற கரையும் பிளாஸ்டிக்குக்கு உலோகத்தின் வலு இல்லாததால் அதன் கம்பிகளை 150 மைக்ரானுக்கும் மேல் தடிமனாகச் செய்ய வேண்டியிருந்தது. முழுதாகக் கரைய ஏறத்தாழ 3 ஆண்டுகள் பிடித்தது. கரையும்போது சில இடங்களில் கட்டமைப்பு குலைந்து துண்டுகள் ரத்த ஓட்டத்துக்குள் நீட்டிக்கொண்டன. ரத்தக்கட்டிகள் உலோக ஸ்டென்ட்டைவிட அதிகமாக உருவாயின. 2017-இல் விற்பனை நின்றது. மக்னீசியம் முதலியவற்றைக் கொண்டு முயற்சிகள் தொடர்கின்றன. எனினும் இன்று என் வீட்டாருக்கு வேண்டியிருந்தால் மெல்லிய கம்பி உலோக ஸ்டென்ட்டையே கேட்பேன்.

கேள்வி: என் மாமியாருக்கு ஸ்டென்ட் வைத்து 2 மாதங்களே ஆகின்றன. பல் பிடுங்க வேண்டும்; 5 நாட்களுக்கு இரண்டு மாத்திரைகளையும் நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார் பல் மருத்துவர். நிறுத்தலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், ஸ்டென்ட் என்ற பெயரே 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பல் மருத்துவரான சார்ல்ஸ் ஸ்டென்ட்டிடமிருந்து வந்ததாகத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். பல் அச்சு எடுக்கும் கலவை ஒன்றைச் செம்மைப்படுத்தியவர் அவர். பல் பிடுங்கிய குழியில் வரும் ரத்தத்தைப் பஞ்சை வைத்து அழுத்தியும், தையல் போட்டும், அந்த இடத்திலேயே ரத்தம் நிறுத்தும் மருந்து வைத்தும் கட்டுப்படுத்தலாம். சற்று அதிக நேரம் கசியும், அவ்வளவுதான். இரண்டு மாதக் கம்பி முழுதாக மூடியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில், இரண்டு மாத்திரைகளையும் ஒருசேர நிறுத்தி அதில் ரத்தக்கட்டி சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரே அமர்வில் பல பற்களைப் பிடுங்காமல் ஒன்றிரண்டாகப் பிடுங்கச் சொல்லுங்கள். பல் மருத்துவர் ஒப்பவில்லையென்றால் இதய மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள்.

முழங்கால் மாற்று, பித்தப்பை போன்ற தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சைகளுக்கு விதி வேறு: அவற்றை 6 மாதங்கள் கழித்து, மாரடைப்புக்குப் பின் வைத்த ஸ்டென்ட்டானால் ஓராண்டு கழித்து வைத்துக்கொள்வதே நல்லது. தவிர்க்க முடியாமல் முன்னதாகச் செய்ய நேர்ந்தால், எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவது என்பதை இரு மருத்துவர்களும் பேசி முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் ஆஸ்பிரினைத் தொடரச் சொல்வார்கள்.